தமயந்தியோட இடது கால்

எங்க கரட்டுப்புதூர்ல மலை ரோடு ஏற ஆரம்பிக்கிற எடத்துல, செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் கீழ, ரெண்டு பக்கமும் பட்டறையும் நடுவுல எண்ணெய் ஊறிக் கருத்துப்போன மண்ணுமா ஒரு தெரு இருக்கு, பட்டறைத் தெருன்னு பேரு, மேல கொண்டை ஊசி வளைவுல ஏறி இறங்குற வண்டியெல்லாம் பாதிக் கிளட்ச அங்கயே தின்னு தீத்துட்டு மூச்சு வாங்கிக்கிட்டு எங்க தெருவுக்குத்தான் வந்து சேரும், அதனால எங்க ஊர்ல மழை தண்ணி இல்லாம நெல்லு காஞ்சாலும் காயும், பட்டறை மட்டும் காயாது. நான் ரெஜினா. அந்தத் தெருவுக்கு நடுவுல ஸ்பேர்ஸ் கடை போட்டிருக்கேன். பொம்பளைகிட்டப் போயி பேரிங் கேக்குறதாக்கும்னு ஆரம்பத்துல எதிர்க் கடைக்குப் போனவுக எல்லாம், அங்க சைஸ மாத்திக் குடுத்து அலைய விட்டதும், மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு எங்கிட்டத்தான் வந்தாக. இந்தக் கதையில வர்ற கிளட்ச் பிளேட்ட வித்ததும் நான்தான், அதனால முதல்லயே சொல்லிப்புடுறேன், பிளேட்டு மேல ஒரு குத்தமும் கிடையாது, உறை பிரிக்காத புதுச் சரக்கு, யாராச்சும் மாத்திச் சொன்னா எங்கிட்ட அனுப்புங்க.

கார் தமயந்தியோடது. அவ புருசன் தவசி வாழைத்தார் லாரியில லோடு ஏத்துற வேலை பாத்தவன், ஒரு மழை நாள்ல லாரி மேல இருந்து வழுக்கி விழுந்ததுல இடுப்பு நொறுங்கி, வலது கால் செத்துப் போயி, இடது கால்ல மட்டும் கொஞ்சம் உசுரு ஒட்டிக்கிட்டு, தெருக் கடைசியில இருக்கிற அவுக வீட்டு ஜன்னலோரம் கட்டில்ல படுத்தவன் படுத்தவன்தான். இடுப்புல வந்து உக்காந்த வலி மட்டும் பகல் பாக்காம ராத்திரி பாக்காம அவனத் தின்னுக்கிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் தமயந்தி ஸ்டியரிங்கப் பிடிச்சா. மேல மூங்கிலாறுன்னு ஒரு ஊர் இருக்கு, பஸ் போகாது, காலையில நர்சம்மாவையும் வாத்தியாரையும் ஏத்திக்கிட்டுப் போயி, இறங்கும்போது காய்ச்சக்காரவுக, மாசமா இருக்கிறவுக, எலுமிச்சை மூட்டைன்னு அம்புட்டையும் அள்ளிப் போட்டுக்கிட்டு வருவா. அவ கார் ஏறலைன்னா மூங்கிலாத்துக்காரவுக நடக்கணும்.

கிளட்ச் மாட்டுறதுன்னா என்னன்னு தெரியாதவுகளுக்குச் சொல்றேன், பெரிய வித்தையெல்லாம் இல்ல, ஆனா ஒரே ஒரு எடத்துல ஏமாந்தா அம்புட்டும் போச்சு. கியர் பாக்ஸ இறக்கி, தேஞ்ச பிளேட்டத் தூக்கிப் போட்டுட்டு, புதுப் பிளேட்ட இஞ்சின் சக்கரத்து மேல ஒட்ட வச்சு, அதுக்கு மேல கவரப் போட்டு போல்ட்ட முடுக்கணும். முடுக்குறதுக்கு முந்தி பிளேட்டோட நடு ஓட்டையும் இஞ்சினோட நடு ஓட்டையும் ஒரே நேரா நிக்கணும், இல்லைன்னா கியர் பாக்ஸோட தண்டு உள்ள நுழையாது, நீங்க தலைகீழா நின்னாலும் நுழையாது. அந்த நேரு பாக்குறதுக்காகவே ஒவ்வொரு பட்டறையிலயும் பழைய தண்டு ஒண்ணு வச்சிருப்பாக, அதச் சொருகி நடுப் பாத்துட்டு, போல்ட்டுகள எதிரெதிரா கொஞ்சங் கொஞ்சமா முடுக்கிட்டு, அப்புறமா அத உருவிடுவாக. அன்னைக்கு மெக்கானிக் சிக்கந்தர் பாயோட தண்ட மேலப் பட்டறைக்காரன் இரவல் வாங்கிட்டுப் போனவன் திரும்பல. தமயந்தியோ வாசல்ல நின்னுக்கிட்டு, "பாய், நாளைக்கு ஏறணும் பாய், மேல காத்துக் கிடப்பாக"ன்னு அரிச்சுக்கிட்டே இருக்கா. பாய் சுத்தி முத்திப் பாத்தாரு. அவரு மக பர்வீனுக்கு அப்பத்தான் பிள்ளை பிறந்திருந்துச்சு, தொட்டிச் சேலைய விரிச்சு நிப்பாட்டுறதுக்கு லேத்துல கடையச் சொன்ன தொட்டில் கம்பு, செவப்பும் பச்சையுமா அரக்குப் பூசி, அன்னைக்குக் காலையில வந்தது, மேசை மேல கிடந்துச்சு. நுனி சிறுத்து நடு பருத்து, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சு. பாய் அதுல டேப்பச் சுத்தி உள்ள சொருகிட்டாரு.

சோத்துத் தூக்கோட வந்த அவரு சம்சாரம் ஜமீலாக்கா அதப் பாத்துட்டு நெஞ்சுல கைய வச்சுட்டாக.

"பிள்ளைய இன்னும் படுக்கப் போடாத தொட்டியோட கம்புங்க அது! வெறும் தொட்டிய ஆட்டவே கூடாதும்பாக, நீங்க அதக் கொண்டு போயி இஞ்சினுக்குள்ள விட்டுச் சுத்துறீகளே, கொஞ்சமாச்சும் கூறு இருக்கா?"

"நடுப் பாக்கத்தான் சொருகுனேன். ஆட்டல."

"சுத்துனீகளா இல்லையா?"

"லேசா ஒரு சுத்து," அப்படின்னாரு பாய், சின்னப் பிள்ளை மாதிரி.

ஜமீலாக்கா கம்பப் பிடுங்கி முந்தானையில துடைச்சுக்கிட்டு, முணுமுணுன்னு ஓதிக்கிட்டே போயிட்டாக. பாய் கியர் பாக்ஸத் தூக்கிக் குடுத்தாரு. வழக்கமா அந்த எடத்துல முக்கணும், திட்டணும், முழங்கைத் தோல ராவிக்கணும், அன்னைக்கு என்னடான்னா மாமியார் வீட்டுக்குள்ள மருமகன் நுழையிற மாதிரி ஜம்முன்னு உள்ள போயி உக்காந்துக்கிச்சு. பாய்க்கே ஒரு மாதிரி இருந்துச்சாம், ஆனா நல்லது நடக்கும்போது யாரு சந்தேகப்படுறா.

வெயில் சாயுற நேரத்துல தமயந்தி இஞ்சின ஸ்டார்ட் பண்ணி, நியூட்ரல்ல வச்சு, கிளட்ச மிதிச்சா. அம்புட்டுத்தான், தெரு கழண்டு நின்னுச்சு. வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. என் குதிகால்ல வருசக் கணக்கா இருந்த வலி மறைஞ்சு போகல, என்ன விட்டு ஒரு எட்டு தள்ளிப் போயி நின்னுச்சு, அது பாட்டுக்கு அது சுத்துது, நான் பாட்டுக்கு நான் நிக்கிறேன், அதுக்கும் எனக்கும் நடுவுல காத்துப் போகுது. எதிர்ல வெல்டிங் கடை பால்பாண்டி, கன்னத்துல கட்டின துண்ட அவுத்து, நாக்கால பல்லத் தடவிப் பாக்குறான். ஒரு சுவத்துக்காகக் கோர்ட்டுக்கு நடக்குற டயர் கடை அண்ணனும் தம்பியும் அன்னைக்கும் நடுத் தெருவுல மல்லுக்கு நின்னாக, பேசிக்கிட்டு இருந்த கெட்ட வார்த்தை பாதியில நிக்க, அண்ணன்காரன் தம்பியப் பாத்து, "ஏண்டா இப்படி எளைச்சுப் போயிட்ட"ன்னு கேக்குறான். யாரும் ஆச்சரியப்படல. ஆச்சரியமும் கழண்டு போயிருச்சோ என்னமோ.

அப்ப தெருக் கடைசியில ஜன்னல்ல இருந்து தவசி கத்துனான். "ஏ தமயந்தி! வலி இல்ல புள்ள! வலி இல்ல!"

அவ எப்படி உக்காந்திருப்பா, கால எடுத்துட்டு இறங்கி ஓடிட்டா. படக்குனு விட்டதுல தெருவே ஒரு குலுங்கு குலுங்கி, பால்பாண்டி ஐயோன்னு கன்னத்தப் பொத்த, அண்ணனும் தம்பியும் சட்டையப் பிடிக்க, என் குதிகால்ல யாரோ ஆணிய வச்சு அறைஞ்ச மாதிரி வலி வந்து ஏறுச்சு, ஜன்னல்ல தவசி போட்ட சத்தம் செக்போஸ்ட் வரைக்கும் கேட்டிருக்கும். மெதுவா விடணும், மலையில வளைவுல எப்படி விடுவியோ அப்படி விடணும்னு அவ அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டா, அதுக்கப்புறம் ஒரு நாளும் தப்பா விடல.

மறுநாள் காலையில மலையேறப் போனவ முதல் வளைவோட திரும்பி வந்துட்டா. சமதரையில காரு நல்லா ஓடுது, மேட்டக் கண்டா நிக்குது, இஞ்சின் உறுமுது, ஆனா ஏறல. அவ அங்க ஆக்சிலேட்டர அமுக்குன நேரத்துல இங்க தெருவுல எங்களுக்கெல்லாம் இடுப்புல கயித்தக் கட்டி யாரோ இழுக்குற மாதிரி இருந்துச்சு, நான் கல்லாவப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்னா பாத்துக்கோங்க. சிக்கந்தர் பாய் காருக்கு அடியில படுத்துக் கிடந்துட்டு வெளிய வந்து, கையத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு.

"பிளேட்டு நடுவுலதான் நிக்குது தமயந்தி. ஆனா காரோட நடுவுல இல்ல, தெருவோட நடுவுல நிக்குது. ஒரு தெருவையே இழுத்துக்கிட்டு எந்தக் காரும்மா மலையேறும்? என் தண்டு திரும்பி வந்துருச்சு, பிரிச்சு, அதப் போட்டு மறுபடி நடுப் பாத்தா சரியாப் போகும். பிரிக்கட்டா?"

தெருவே ஒண்ணாக் கத்துச்சு, வேணாம்னு. தமயந்தி யார் மூஞ்சியையும் பாக்கல, தெருக் கடைசியில அந்த ஜன்னல மட்டும் பாத்தா.

"கொஞ்ச நாள் இருக்கட்டும் பாய்," அப்படின்னா.

கொஞ்ச நாள்னா என்னங்க, நல்லதுன்னு ஒண்ணு கையில கிடைச்சா விடுற ஜனமா நம்ம ஜனம்? கார என் கடைக்குப் பக்கத்துல இருக்கிற ஜமீலாக்கா வீட்டு வேப்ப மரத்தடியில நிப்பாட்டிட்டு, காலையில ஒரு தடவை மாலையில ஒரு தடவை மிதிக்கிறதுன்னு ஆச்சு, பெட்ரோலுக்குத் தெருவே போட்டுக் குடுத்துச்சு, பாங்கு நேரத்துக்கும் கோயில் பூசை நேரத்துக்கும் எங்க சர்ச் மணிக்கும் இடிக்காம ஹஜ்ரத்தும் பூசாரியும் ஃபாதரும் உக்காந்து பேசி நேரம் குறிச்சாக, அவுக மூணு பேரும் ஒரு விசயத்துல சட்டுன்னு ஒத்துப் போனத எங்க ஊரு அன்னைக்குத்தான் பாத்துச்சு. வேற தெருக்காரவுக கார எங்க பக்கம் கொண்டாங்கன்னு கேட்டு, கொண்டு போயும் பாத்தாக, அங்க மிதிச்சா அது வெறும் காருதான், ஒண்ணும் நடக்கல, அதனால சனமெல்லாம் மூட்டு வலியோடயும் மனசுக் கஷ்டத்தோடயும் எங்க தெருவுக்கே வர ஆரம்பிச்சாக. அனுமதி வாங்குனீகளான்னு அதட்ட வந்த இன்ஸ்பெக்டரு, உக்கார முடியாத எடத்துல வலி உள்ள மனுசன் போல, மிதிச்ச நேரத்துல என் கடை ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, பேப்பரு முழுசையும் விளம்பரத்தோட சேத்துப் படிச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சுப் போனாரு. மறுநாள் வரிசைய ஒழுங்கு பண்ண ஒரு போலீஸ்காரர் வந்து நின்னாரு.

எல்லாருக்கும் எல்லா நேரமும் அது ஒத்துக்கிச்சுன்னும் சொல்ல முடியாது. பெயின்ட் கடைக்காரரு தவறிப் போன அன்னைக்கு யோசிக்காம மிதிச்சுட்டாக, மாரடிச்சு அழுதுக்கிட்டு இருந்த அவரு சம்சாரம் திடீர்னு அழுகை நின்னு போயி, பொணத்தப் பாத்துட்டு சுத்தி இருக்கிறவுகளப் பாத்துட்டு, எந்திரிச்சு நேரா காருகிட்ட வந்துச்சு. "என் புருசனுக்கு நான் அழணும். என் அழுகையக் குடுங்க"ன்னு கேட்டுச்சு. தமயந்தி பதறிப் போயி மெதுவா விட்டா. அன்னையில இருந்து எழவு விழுந்தா அன்னைக்கு மிதிக்கிறதில்லைன்னு ஒரு முறை வந்துச்சு, பொண்ண மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கும் அப்படித்தான்.

ஒரு விசயம் மட்டும் எங்களுக்கு வெகு நாள் உறைக்கல. மிதிக்கிறவுகளுக்கு ஒண்ணும் கழலாது. சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல கட்டைய முட்டுக் குடுத்துப் பாத்தோம், பெடல் அமுங்குது, தெரு கழல மாட்டேங்குது, கட்டைக்கு என்ன தெரியும். மனுசக் கால்தான் வேணும், அந்தக் கால் வழியாத்தான் அம்புட்டும் இறங்குது. நாங்க முறை போட்டு உக்காந்து பாத்தோம். நானும் உக்காந்தேன். ஆத்தாடி! என் குதிகால் வலி தள்ளி நிக்கவே இல்ல, அதோட சேந்து பால்பாண்டியோட பல்லும், அந்த அண்ணன் தம்பியோட ஆத்திரமும், யாரு யாரோ வச்சிருந்த பயமும் ஏக்கமும் பெடலுக்கு அடியில இருந்து மேல மேல தள்ளுது, தொடை வெடவெடன்னு ஆடி, வேர்த்து ஊத்தி, ஒரு பாட்டு முடியிற நேரம் கூட என்னால பிடிக்க முடியல. மத்தவுக அதுவும் இல்ல. கடைசியில, வளைவு வளைவா மிதிச்சுப் பழகின கால் தமயந்தியோடதுதான், அவளே உக்காரட்டும்னு ஆயிப் போச்சு. யாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணல. வீட்டுல ஒருத்திதான் எப்பவும் பாத்திரம் கழுவுறான்னா, அது எப்ப முடிவாச்சுன்னு யாருக்காச்சும் தெரியுதா? அப்படித்தான்.

அவளும் ஒரு வார்த்தை சொல்லல. ஏன் சொல்லப் போறா, அவ மிதிக்கிற நேரமெல்லாம் தவசி கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து, ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு, போறவுக வாறவுகளக் கூப்பிட்டுக் கேலி பேசுவான், மொகம் சவரம் பண்ணிக்குவான், ஒரு நாள் சீட்டியடிச்சுப் பாட்டுப் பாடுனான். அவ காருக்குள்ள உக்காந்து அதப் பாப்பா. பாத்துக்கிட்டே இன்னுங் கொஞ்ச நேரம் பிடிப்பா. இறங்கும்போது இடது கால் வீங்கிப் போயி, செருப்பு நுழையாம, கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டுத்தான் நடப்பா. மூங்கிலாத்துக்கு அவ போகவே இல்ல. வாத்தியாரும் நர்சம்மாவும் பைக்குல தொத்திக்கிட்டுப் போனாக, மலைக்காரவுக எப்படி இறங்குறாக என்ன பண்றாகன்னு நாங்க யாரும் கேக்கல, வலி இல்லாத மனுசனுக்கு அடுத்தவன் ஞாபகம் எங்கிருந்து வரும்.

கேக்காததுக்குப் பதில் ஒரு சாயங்காலம் தானா இறங்கி வந்துச்சு. தமயந்தி மிதிச்சுக்கிட்டு இருக்கா, தெருவே சிரிப்பும் பேச்சுமா இருக்கு, மலை ரோட்டுல இருந்து ஆளுக சில பேரு மூங்கில் கழியில தூளி கட்டி, அதுல மயிலின்னு ஒரு பொண்ணப் போட்டுத் தூக்கிக்கிட்டு வாறாக, நிறைமாசம், தலைப்பிரசவம், கூடவே நர்சம்மா சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓட்டமும் நடையுமா வருது. தெருவுக்குள்ள கால வச்சதும் அந்தப் பொண்ணு முனகல் நின்னு போச்சு. தூளிக்குள்ள இருந்து எட்டிப் பாத்து, "வலி போயிருச்சுக்கா"ன்னு சிரிக்குது. தூக்கிக்கிட்டு வந்தவுக சந்தோசமாத் தூளிய இறக்கி வச்சாக. நர்சம்மா மட்டும் வயித்துல கைய வச்சுப் பாத்துச்சு.

"பனிக்குடம் உடைஞ்சிருச்சு. இப்ப வலி நிக்கக் கூடாது. வலி நின்னா பிள்ளை எப்படி வெளிய வரும்?" நர்சம்மா நாலாப் பக்கமும் திரும்பிப் பாத்துக் கத்துச்சு. "யாரு என்ன பண்றீக இங்க? அவ வலிய விடுங்க!"

தமயந்தி கண்ணாடி வழியா அம்புட்டையும் பாத்தா. மயிலிய அவளுக்குத் தெரியும், மாசா மாசம் செக்கப்புக்கு அவதான் கூட்டிக்கிட்டு வந்து விட்டவ. சட்டுன்னு விட்டா என்ன ஆகும்னும் அவளுக்குத் தெரியும். பல்லக் கடிச்சுக்கிட்டு, வளைவுல பின்னாடி உருளாம கார நிப்பாட்டுற மாதிரி, பாதிக் கிளட்சுல பிடிச்சு, கொஞ்சங் கொஞ்சமா, மயிரிழை மயிரிழையா விட்டா. எங்களுக்கெல்லாம் அவுகவுக வலி திரும்ப வந்து உடம்புல ஏறுச்சு, அம்புட்டுப் பேரும் அந்தப் பொண்ணு மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னோம். மயிலி புருவத்தச் சுருக்குச்சு, கழியப் பிடிச்சுச்சு, அப்புறம் தெரு அதிரக் கத்துச்சு. அப்படி ஒரு நல்ல சத்தத்த நான் என் வாழ்க்கையில கேட்டதே இல்ல. நர்சம்மா அழுதுக்கிட்டே, "கத்து தாயி, நல்லாக் கத்து"ன்னுச்சு.

ஆஸ்பத்திரிக்குச் சமதரை ரோடுதான். பின் சீட்டுல படுக்க வச்சு தமயந்தியே ஓட்டிக்கிட்டுப் போனா, நாங்க தெருவுல நின்னு இடுப்புல அந்த இழுப்ப வாங்கிக்கிட்டு, இழுக்கட்டும் இழுக்கட்டும்னு கூடவே காலத் தேச்சு நடந்தோம். பொம்பளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காக. ஆனா நர்சம்மா ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு தமயந்திகிட்ட ஒண்ணு கேட்டுச்சாம். "நீ ஏம்மா வரல? அந்தப் பிள்ளை ஒவ்வொரு வளைவுலயும் உன் கார் வருதான்னு தூளிக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டே வந்துச்சு."

தமயந்தி திரும்பி வந்து சாவிய சிக்கந்தர் பாய் கையில குடுத்தா. "பிரிச்சுருங்க பாய். நான் ஏறணும்."

தெரு முணுமுணுத்துச்சு, இல்லைன்னு சொல்லல. "அப்ப என் பல்லு?"ன்னான் பால்பாண்டி. "போயிப் பிடுங்கித் தொலை"ன்னேன் நான். மத்தவுக தலையத் தொங்கப் போட்டாக, ஏன்னா தராசுல அம்புட்டுப் பேரு வலியும் ஒரு தட்டுன்னா, அந்த ஜன்னல்ல இருக்கிறவன் வலி ஒரு தட்டு, அவன்கிட்ட யாரு போயிச் சொல்றது.

அவளேதான் சொன்னா. காலையில கஞ்சி குடுக்கப் போன நானும் அங்க இருந்தேன். கட்டில் விளிம்புல உக்காந்து, அவன் மொகத்தப் பாக்காம, போர்வை நூல இழுத்துக்கிட்டே சொன்னா.

"பாய் இன்னைக்குப் பிரிச்சுருவாரு. இனி மிதிச்சாலும் ஒண்ணும் நடக்காது. உங்களுக்குத் திரும்ப பழைய மாதிரிதான். எனக்கு வேற வழி தெரியலங்க." சொல்லிட்டு அழுதுட்டா.

"அது என் வலிதான புள்ள, எங்கிட்டயே இருக்கட்டும். நீ ஏறு," அப்படின்னான் தவசி. அப்புறம், "பிரிக்கிறதுக்கு முந்தி எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்"ன்னான்.

"சொல்லுங்க. எம்புட்டு நேரம் வேணும்னாலும் மிதிக்கிறேன்."

"நீ மிதிச்சது போதும். நான் மிதிக்கணும்."

முடிவ நான் இப்பவே சொல்லிடுறேன், மனசு கிடந்து அடிச்சுக்க வேணாம். பாய் அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள பிரிச்சு, தன்னோட பழைய தண்டப் போட்டு நடுப் பாத்து மாட்டிட்டாரு, கியர் பாக்ஸு வழக்கம் போல முரண்டு பிடிச்சு அவரு முழங்கைய ராவிட்டுத்தான் உள்ள போச்சு, கார் மலையேறுச்சு, இன்னைக்கும் ஏறுது. பால்பாண்டி பல்லப் பிடுங்கிட்டான். டயர் கடை அண்ணன் தம்பிக்கு வழக்கு நடக்குது, ஆனா சாயங்காலம் அந்த நேரம் வந்தா பழக்க தோசத்துல வாய மூடிக்கிட்டு ஆளுக்கொரு டீ குடிக்கிறாக. தவசிக்கு வலி அப்படியேதான் இருக்கு. நான் சொல்ல வந்தது அது இல்ல, பாய் ஸ்பேனர எடுக்குறதுக்கு முந்தி நடந்தது.

தவசிய நாலு பேரு தூக்கிக்கிட்டு வந்து டிரைவர் சீட்டுல உக்கார வச்சோம், உக்கார வைக்கிறதுக்குள்ள அவன் உதட்டுல ரத்தம் வந்துருச்சு, அப்படிக் கடிச்சிருந்தான். அவன் வாழ்க்கையில கார் ஓட்டுனதே இல்ல. பாய் ஜன்னல் வழியாக் கைய விட்டு நியூட்ரலப் பாத்து, சாவியத் திருகி விட்டாரு. தவசி ரெண்டு கையாலயும் இடது காலத் தூக்கிப் பெடல் மேல வச்சு, தமயந்தியப் பாத்து, "நீ தள்ளிப் போயி தெருவுல நில்லு"ன்னான்.

மிதிச்சான். எங்க வலியெல்லாம் தள்ளி நின்னுச்சு, அது உண்மைதான், ஆனா அன்னைக்கு ஒருத்தரும் அதக் கவனிக்கல, எல்லாரும் அவளத்தான் பாத்தோம். இத்தனை நாளா தெருவே கழண்டு நின்னப்ப ஒரு தடவை கூட அவ தெருவுல நின்னதில்ல. முதல்ல அவளுக்கு ஒண்ணும் புரியல. கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம தொங்க விட்டுக்கிட்டு நின்னா. அப்புறம் அவ தோள் ரெண்டும் கீழ இறங்குச்சு, அதுக இம்புட்டு நாளா மேல தூக்கிக்கிட்டு இருந்துச்சுங்கிறதே இறங்குனப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சது. என் கடை வாசல்ல கிடந்த பழைய டயர் மேல உக்காந்தா. வீங்குன கால நீட்டிப் போட்டு, அதத் தடவிப் பாத்துக்கிட்டு, மேல வேப்ப மரத்தப் பாத்தா.

"அக்கா, எனக்குப் பசிக்குது," அப்படின்னா.

நான் கடைக்குப் பின்னால இருக்கிற என் வீட்டுக்குள்ள ஓடி, இட்லியும் சட்னியுமாத் தட்டுல போட்டுக் கொண்டு வந்து குடுத்தேன். சாப்பிட்டா. அவசரம் இல்லாம, சின்னப் பிள்ளை மாதிரி, பிட்டுப் பிட்டு, விரல நக்கி நக்கிச் சாப்பிட்டா. காருக்குள்ள தவசிக்கு வேர்வை தாடையில இருந்து சொட்டுது. அவன் வலி அவன விட்டுப் போகல, அதோட எங்க வலி, எங்களோடத எல்லாம் விடப் பெருசா அவளோட வலி, அம்புட்டும் அந்த ஒத்தக் கால் மேல வந்து நிக்குது, கால் நடுங்குற நடுக்கத்துல காரே ஆடுது. ஸ்டியரிங் மேல நெத்திய வச்சுக்கிட்டு, "இம்புட்டையுமா? இம்புட்டையும் வச்சுக்கிட்டா எனக்குக் கஞ்சி ஊத்துன?"ன்னு அவன் தனக்குத் தானே கேட்டது ஜன்னலோரம் நின்ன எனக்கும் பாய்க்கும் மட்டும்தான் கேட்டுச்சு.

பாய்க்குக் கண்ணு கலங்கிருச்சு. "போதும் தவசி. மெதுவா விட்டுரு. உன் உடம்பு தாங்காது"ன்னாரு.

தவசி தலைய ஆட்டுனான். டயர் மேல உக்காந்திருக்கிறவளோட தட்ட எட்டிப் பாத்தான், அது காலியாகப் போகுது.

"இருங்க பாய்"ன்னான். "ரெஜினாக்கா, அவளுக்கு இன்னும் ரெண்டு இட்லி வைங்க."